அதே கம்பு, அதே பறவையா? விராலடிப்பானின் கதை

இன்னைக்கு நம்ம எபிசோடு ஒரு கம்புல இருந்து தொடங்குது.

கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல ஏறி, பொன்னேரியில இறங்கி, பஸ் பிடிச்சா பழவேற்காடு. சென்னையில இருந்து போறவங்க டச்சுக்காரங்க கல்லறையைப் பார்ப்பாங்க, பூநாரைக் கூட்டத்தைப் பார்ப்பாங்க. நானும் பூநாரை பார்க்கத்தான் போனேன். படகு ஓட்டின அண்ணன் ஏரிக்குள்ள நட்டிருந்த ஒரு கம்பைக் காட்டி, "நம்மாளு வந்துட்டான் பாருங்க"ன்னார். கம்பு உச்சியில ஒரு பெரிய பறவை. வெள்ளைத் தலை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, கால்ல பாதி தின்ன மீன்.

"போன வருஷமும் இவன்தான். அதுக்கு முந்தின வருஷமும் இவன்தான்."

"எப்படிண்ணே தெரியும்?"

"இது அவன் கம்புங்க."

அவர் சொன்னது சரியா? இந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்கு.

முதல்ல பறவையைத் தெரிஞ்சுக்குவோம். ஆங்கிலத்துல ஆஸ்ப்ரே, தமிழ்ல விராலடிப்பான். சாப்பாடு கிட்டத்தட்ட முழுக்க மீன்தான். மேல இருந்து காலை முன்னால நீட்டித் தண்ணிக்குள்ள பாயும். வழுக்குற மீனைப் பிடிக்க உள்ளங்கால்ல முள்ளு முள்ளா இருக்கும். வெளி விரலைப் பின்பக்கம் திருப்பவும் முடியும். பிடிச்ச மீனோட தலையை முன்பக்கம் வச்சுத் தூக்கிட்டுப் பறக்கும், காற்று தடுக்காம இருக்க. நம்ம கரைக்கு இது குளிர்கால விருந்தாளி. மழைக்காலத்தை ஒட்டி வந்து, வெயில் ஏறும்போது வடக்கே கிளம்பிடும்.

இப்ப பேருக்கு வருவோம். விரால் நல்ல தண்ணி மீன். பழவேற்காடு ஏரியோ கடல் தண்ணி கலந்தது. அங்க கிடைக்குறது மடவை மாதிரி மீன்கள். அப்புறம் ஏன் 'விராலடிப்பான்'? 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பறவை நூல்கள்லயே இந்தத் தமிழ்ப் பேரு கொஞ்சம் சிதைஞ்ச உச்சரிப்போட பதிவாகியிருக்கு. பக்கத்துலயே தெலுங்குப் பேரு: 'கொரமீனு கத்த'. கொரமீனுன்னா அதே விரால்தான். இங்க என் ஊகத்தைச் சொல்றேன்: இந்தப் பேரை வச்சவங்க கடற்கரையில நின்னு பார்க்கலை, ஏரிக்கரையில நின்னு பார்த்திருக்காங்க. திருவள்ளூர் மாவட்டமே ஏரிகளால ஆன நிலம். விராலுக்குத் தூண்டில் போட்ட ஒருத்தர், தனக்குப் போட்டியா மேல இருந்து ஒருத்தன் வர்றதைக் கவனிச்சுப் பேரு வச்சிருக்கணும்.

அதாவது, நம்ம ஊர் ஆளுங்க இந்தப் பறவையைத் தலைமுறை தலைமுறையா கவனிச்சிருக்காங்க. ஆனா அந்தக் கவனிப்புல எழுத்துக்கு வந்தது பேரு மட்டும்தான்.

எழுதி வச்சா என்ன ஆகும்? அதுக்கு வெளியூர் கதை ரெண்டு சொல்றேன்.

முதல் கதை ஸ்காட்லாந்து. வேட்டை, முட்டைத் திருட்டு ரெண்டும் சேர்ந்து, 1916 வாக்குல பிரிட்டன்ல ஆஸ்ப்ரே கூடு கட்டுறதே நின்னு போச்சு. 1954ல ஒரு ஜோடி திரும்ப வந்துச்சு. 1958ல லாக் கார்ட்டன் ஏரிக்கரையில இருந்த கூட்டுல ஒரு திருடன் முட்டையை எடுத்துட்டான். அடுத்த வருஷம் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒரு துணிச்சலான முடிவு எடுத்துச்சு. கூடு இருக்கிற இடத்தை மறைக்காம, "வாங்க, தூரத்துல இருந்து எல்லாரும் பாருங்க"ன்னு திறந்து விட்டாங்க. 1959ல மட்டும் சுமார் 14,000 பேர் வந்தாங்க. ஊரே பார்த்துட்டிருக்கிற கூட்டுல திருடுறது அவ்வளவு சுலபமில்லையே!

அதே ஸ்காட்லாந்துல இன்னொரு ஏரி, லாக் ஆஃப் த லோஸ். அங்க 1991ல இருந்து ஒரு பெண் பறவை வருஷா வருஷம் வந்துச்சு. கால்ல வளையம் கிடையாது. கண்ணுல இருந்த ஒரு புள்ளியை வச்சே அடையாளம் கண்டாங்க. 'லேடி'ன்னு கூப்பிட்டாங்க. 24 வருஷம் தொடர்ந்து வந்து, சுமார் 50 குஞ்சுகளைப் பறக்க விட்டுச்சு. 2015ல வரலை. அது வரலைன்னு ஊருக்கே தெரிஞ்சுது.

ரெண்டாவது கதை அமெரிக்கா. கனெக்டிகட் ஆற்று முகத்துவாரத்துல 1954ல சுமார் 150 ஆஸ்ப்ரே கூடுகள். 1960ல 71. 1963ல 24. வேட்டையும் இல்ல, மீன் பஞ்சமும் இல்ல. அப்புறம் ஏன்? மேரிலாந்துல இருந்து முட்டைகளைக் கொண்டு வந்து கனெக்டிகட் கூடுகள்ல வச்சுப் பார்த்தாங்க. நல்லா பொரிஞ்சுது. அப்போ தாய்ப் பறவையோட அடைகாப்புல குறையில்ல. இந்த ஊர் முட்டையிலதான் கோளாறு. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியா பறவை உடம்புல சேர்ந்து, முட்டை ஓட்டை மெல்லிசாக்கியிருந்துச்சு. 1972ல அமெரிக்கா டிடிடியைத் தடை பண்ணுச்சு. இந்தியாவுல விவசாயத்துக்குத் தடை வந்தது 1989ல. மலேரியா கொசு ஒழிப்புக்கு மட்டும் அனுமதி தொடர்ந்துச்சு.

இதுல கவனிங்க. விஞ்ஞானிகள் ஆய்வகத்துல கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே, யாரோ ஒருத்தர் 150ன்னு எண்ணி எழுதி வச்சிருந்தாங்க. அந்த 150 இல்லன்னா 24ங்கிற எண்ணுக்கு அர்த்தமே இல்ல. "இங்க எப்பவுமே கொஞ்சம்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிருப்போம்.

இப்ப நம்ம ஊருக்குத் திரும்புவோம். 1980ல பழவேற்காட்டோட தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம் ஆச்சு. அதே பத்தாண்டுல பக்கத்துல கும்மிடிப்பூண்டி சிப்காட் வளர்ந்துச்சு. 1994ல வடசென்னை அனல் மின் நிலையம். 2001ல எண்ணூர் துறைமுகம். அப்புறம் காட்டுப்பள்ளி. ஏரி கடலோட சேருற முகத்துவாரம் மணல் மூடி அடைக்குறது மீனவங்களுக்குத் தீராத தலைவலி. முகத்துவாரம் அடைச்சா மீன் வரத்து குறையும். மீனவருக்கும் விராலடிப்பானுக்கும் ஒரே தட்டுதான். ஒருத்தருக்குக் காலின்னா இன்னொருத்தருக்கும் காலி.

சரி, அண்ணன் சொன்னது உண்மையா? கருவி பொருத்தித் தொடர்ந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லுது: வளர்ந்த ஆஸ்ப்ரே பெரும்பாலும் ஒவ்வொரு குளிர்காலமும் அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும். 20 வருஷத்துக்கு மேல வாழக்கூடிய பறவை இது. அதனால "இது அவன் கம்பு"ங்கிறது வெறும் பேச்சு இல்ல. சத்தியம் பண்ண முடியாது. ஆனா பந்தயம் கட்டலாம்.

அந்த அறிவு இப்போதைக்கு அவர் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அவர் பசங்க நாளைக்கு படகு ஓட்டாம சிப்காட்ல ஷிஃப்ட் பார்க்கப் போனா, அது அவரோட முடிஞ்சிடும்.

தமிழ்நாட்டுல 2015ல இருந்து பொங்கல் சமயத்துல பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. யார் வேணா கலந்துக்கலாம். ஈபேர்ட் செயலியில பதிவு போட்டா போதும். இந்தப் பொங்கலுக்குப் போங்க. தேதி எழுதுங்க, எந்தக் கம்புன்னு எழுதுங்க, மார்புல இருக்கிற பழுப்புப் பட்டை எவ்வளவு அடர்த்தின்னு எழுதுங்க. படகுக்கார அண்ணன்கிட்டயும் கேட்டு எழுதுங்க. அடுத்த வருஷமும் அதே இடத்துக்குப் போங்க.

கம்பு காலியா இருந்தா, அதையும் எழுதுங்க. இருக்கும்போது எழுதினவங்களால மட்டும்தான் இல்லாதப்போ அதைச் சொல்ல முடியும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.