கோணேசர் மலையில் ஒரு காதல் தூண்
திருகோணமலை கோணேசர் ஆலயத்தை அடுத்துள்ள செங்குத்துப் பாறையைச் சுற்றுலாக் கையேடுகள் ‘லவ்வர்ஸ் லீப்’ என்கின்றன. ஒல்லாந்து அதிகாரி ஒருவரின் மகளான பிரான்சினா வான் ரீட், தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைக் கண்டு அங்கிருந்து கடலில் குதித்தார் என்பது கதை. அவரது பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறித்த தூண் ஒன்று அங்கு நாட்டப்பட்டது. ஆனால் அதன் பின்னரும் அவர் உயிரோடிருந்து மணம் முடித்ததாக ஒல்லாந்தர் ஆவணங்களை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

தூணுக்கும் ஒரு கதை உண்டு. 1620களில் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா தலைமையில் போர்த்துக்கீசர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பிரான்சினாவின் பெயர் தாங்கிய தூணும் அவ்வாலயத்தினுடையதே என்று கருதப்படுகிறது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் ஆலயச் சிதைவுகளைக் கண்டனர்.

பிற்காலத்தில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டையில் இன்றும் இராணுவ முகாம் உள்ளது. பக்தர்கள் அதனூடாகவே கோயிலுக்குப் போகிறார்கள். குதிக்காத பெண்ணின் கதை கையேடுகளில் இருக்கிறது. இடிக்கப்பட்ட கோயிலின் கதையை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லவேண்டும்.