தலைப்பு யாருக்காக?

"தலைப்பை எச்1 ஆக்கு, ஆக்கள் தேடுற சொல்லை அதுக்குள்ள போடு, கூகிளில மேல வரும்." இணையத்தில் எழுதத் தொடங்கும் எங்களுக்கு யாராவது ஒராள் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான். ஆனால் அந்தக் குறிச்சொல் கூகிளுக்காகப் பிறந்ததில்லை. கூகிளைவிட அதுக்கு வயசு கூட.

1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ள்ஸ் கோல்ட்ஃபாப், எட்வேர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் ஜி.எம்.எல். என்ற குறிமொழியை உருவாக்கினார்கள். ஒரு வரி பெரிசாகத் தெரியவேண்டுமா, தடிப்பாகத் தெரியவேண்டுமா என்று எழுதாதே. அது தலைப்பா, பந்தியா, பட்டியலா என்று மட்டும் சொல்லு. தோற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அதன் அடிப்படை. இதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் சர்வதேசத் தரமானது. ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் அதன் ஒரு வடிவத்தில்தான் ஆவணங்கள் எழுதினார்கள். அங்கே வேலைசெய்த டிம் பேர்னர்ஸ்-லீ வலைக்கென்று எச்.டி.எம்.எல். மொழியைச் செய்தபோது, எச்1 முதல் எச்6 வரையான ஆறு தலைப்புப் படிகளையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

உலாவிகள் எச்1ஐப் பெரிய எழுத்தில் காட்டின. தோற்றத்தைத் தனியாகச் சொல்ல உதவும் சி.எஸ்.எஸ். 1996 டிசம்பரில்தான் தரமானது. அதுவரைக்கும் பலர் எழுத்தைப் பெரிசாக்கவே தலைப்புக் குறியைப் பாவித்தார்கள். முதல் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டாவது குழப்பம் தேடுபொறிகளோடு வந்தது. 1998இல் சேர்ஜி பிரின்னும் லாரி பேஜும் கூகிள் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையில், பக்கத்திலுள்ள மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டு ஒரு சொல்லின் அளவையும் பதிந்து வைப்பதாகச் சொன்னார்கள். பெரிசா எழுதினது முக்கியமானதாக இருக்கும் என்ற நம்பிக்கை! அந்த நம்பிக்கையை ஏமாற்றவும் ஆக்கள் இருந்தார்கள். ஒரே சொல்லைத் தலைப்பில் திரும்பத் திரும்ப அடைத்தார்கள்; வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்தும் வைத்தார்கள். தேடுபொறிகளும் சும்மா இருக்கவில்லை, இப்படியான பக்கங்களைக் கீழே தள்ளப் பழகின.

எங்கட கதை வேற. பாமினி எழுத்துருவில் எழுதின காலத்தில், 'யாழ்ப்பாணம்' என்று எவ்வளவு பெரிசாகத் தலைப்புப் போட்டாலும் இயந்திரத்துக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். யூனிகோட் பரவின பிறகுதான் எங்கட தலைப்புகள் தேடலில் அகப்படத் தொடங்கின.

2019இல் கூகிளின் ஜோன் முல்லர், ஒரு பக்கத்தில் எச்1 ஒன்று இருந்தாலும் பல இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரச்சினையில்லை என்றார். தலைப்பு ஒரு பந்தி எதைப் பற்றியது என்று விளங்க உதவும். மந்திரம் ஒன்றும் இல்லை.

அப்ப ஏன் கவனமாகப் போடவேண்டும்? பார்வையற்ற ஒருவர் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பானில் 'எச்' விசையை அழுத்தி அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவார். நாங்கள் கண்ணால் மேலோட்டமாகப் பார்ப்பதை அவர் அப்படித்தான் செய்கிறார். தலைப்பை வெறுமனே தடிப்பாக்கிவிட்டால், அவருக்கு அது இன்னொரு சாதாரண வரி. சொற்களை அடைத்துவிட்டாலோ, அந்த இரைச்சல் முழுவதையும் அவர் கேட்கவேண்டும்.

அடுத்த கட்டுரையைப் பதிவிடமுதல் தலைப்புகளை மட்டும் ஒருக்கா வாசித்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று விளங்கினால் போதும். தேடுபொறிக்கும் அதுதான் வேணும்.