746 ஓட்டில் கரை சேர்ந்தவர்: காங்கேயநல்லூர் முதல் அறிவாலயம் வரை துரைமுருகனின் அரசியல் பாதை

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் அரசியல் பேச ஆரம்பித்தால் எந்த கட்சிக்காரராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் துரைமுருகன் பெயருக்கு வந்து விடுவார்கள். திட்டுவதற்காகவோ, அவர் சட்டசபையில் அடித்த ஜோக்கை சொல்வதற்காகவோ எப்படியும் வந்து விடும்.

1971-ல் இருந்து 2021 வரை நடந்த தேர்தல்களில் 10 முறை எம்.எல்.ஏ. ஆனவர் அவர். காட்பாடியில் 8 முறை, ராணிப்பேட்டையில் 2 முறை. தி.மு.க.வில் இதை தாண்டியவர் 13 முறை ஜெயித்த கருணாநிதி. ஆனால் கருணாநிதி தோற்றதே இல்லை. துரைமுருகன் தோற்று எழுந்து வந்தவர்.

வாரியார் ஊர்க்காரர்

காட்பாடி அருகே காங்கேயநல்லூரில் 1938 ஜூலை 1-ந்தேதி பிறந்தார். விவசாய குடும்பம். இதே ஊரில்தான் கிருபானந்த வாரியாரும் பிறந்தார். ஒரே ஊரில் முருகன் புகழ் பாடிய ஒருவர், பகுத்தறிவு மேடையில் ஏறிய ஒருவர். இரண்டு பேருக்கும் பேச்சுதான் சொத்து. அந்த ஊர் தண்ணீர் அப்படி போல.

சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும், பிறகு சட்டக்கல்லூரியிலும் படித்தார். படிப்புக்கு எம்.ஜி.ஆர். உதவியதை அவரே மேடைகளில் சொல்லி இருக்கிறார். இருந்தும் 1972-ல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது துரைமுருகன் கருணாநிதி பக்கமே நின்று விட்டார். அவர் அரசியல் வாழ்க்கையில் பெரிய முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அ.தி.மு.க. அலையில் எத்தனையோ பேர் கரை மாறினார்கள். இவர் மாறவில்லை. அதற்கான விலையையும் கொடுத்தார்.

ராணிப்பேட்டை ஆண்டுகள்

1971-ல் காட்பாடியில் முதல் வெற்றி. அடுத்து 1977, 1980 இரண்டு தேர்தலிலும் ராணிப்பேட்டை. மாநிலம் முழுவதும் எம்.ஜி.ஆர். ஜெயித்த அந்த இரண்டு தேர்தலிலும் தி.மு.க. எம்.எல்.ஏ.வாக சபைக்குள் போனதே சாதனைதான். எதிர்க்கட்சி பெஞ்சில் உட்கார்ந்து ஆளுங்கட்சியை மடக்குவதில் பெயர் எடுத்ததும் அப்போதுதான். 1984-ல் தோல்வி. இந்திராகாந்தி கொலை, எம்.ஜி.ஆர். உடல்நலக்குறைவு என்று இரட்டை அனுதாப அலை அடித்த தேர்தல் அது.

1989-ல் மீண்டும் காட்பாடி. தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. பொதுப்பணித்துறை அமைச்சர் ஆனார். அந்த ஆண்டு மார்ச் 25-ந்தேதி சட்டசபையில் பட்ஜெட் அன்று நடந்த கலவரத்தை பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தன் சேலையை இழுத்தார் என்று ஜெயலலிதா இவர் மீது குற்றம் சாட்டினார். துரைமுருகன் மறுத்தார். 1991 தேர்தலில் ராஜீவ்காந்தி கொலைக்கு பிறகு வீசிய அலையில் தி.மு.க.வே கரைந்து போனது. காட்பாடியும் போனது.

1996-ல் திரும்பி வந்தவர் 2001, 2006, 2011, 2016, 2021 என்று வரிசையாக ஜெயித்தார். இதில் 2011 சாதாரணம் இல்லை. தி.மு.க. 23 இடத்தோடு சுருண்ட தேர்தல். 3 ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தப்பினார். 2016-ல் வித்தியாசம் 23 ஆயிரத்துக்கும் மேல் போனது.

ஆறுகளின் அமைச்சர்

காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்தபோதும், 2007 பிப்ரவரி 5-ந்தேதி இறுதி தீர்ப்பு வந்தபோதும் பொதுப்பணித்துறை இவர் கையில்தான் இருந்தது. 2009-ல் அந்த துறையை கருணாநிதி தானே எடுத்துக்கொண்டு இவருக்கு சட்டத்துறை கொடுத்தார். அன்று வேலூர் வட்டாரத்தில் அதுதான் பேச்சு. 2021-ல் நீர்வளத்துறை என்று தனியாக பிரிந்தபோது மீண்டும் இவரிடமே வந்தது.

ஊருக்கு என்ன செய்தார்? குடியாத்தம் அருகே கவுண்டன்யா நதியில் மோர்தானா அணையை சொல்வார்கள். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் காட்பாடி தொகுதி சேர்க்காட்டில் நிற்கிறது.

ஆனால் பாலாறு என்று வந்தால் கதை வேற. கர்நாடகாவில் பிறந்து, ஆந்திராவில் 33 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் போகும் ஆறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். மேலே ஆந்திரா வரிசையாக தடுப்பணை கட்டியது. புல்லூர் தடுப்பணையை 2016-ல் 5 அடியில் இருந்து 12 அடியாக உயர்த்தியது. தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. 2024 பிப்ரவரியில் குப்பம் பகுதியில் புதிய தடுப்பணைக்கு அடிக்கல் நாட்டியபோது, வழக்கு நிலுவையில் இருக்கும்போது இது தவறு என்று துரைமுருகன் கண்டன அறிக்கை விட்டார்.

கீழே நம்ம பக்க பிரச்சினை தோல். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றை ஒட்டியே தோல் தொழிற்சாலைகள். உப்பு போட்டு வரும் பச்சை தோலை ஊற வைத்த தண்ணீர், குரோமியம் கலந்த கழிவுநீர் எல்லாம் பல ஆண்டுகள் மண்ணுக்குள் இறங்கியது. கிணறு உப்பு கரித்தது. 1996 ஆகஸ்டு 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பில் 'மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்' என்ற கொள்கை நம்ம ஊர் வழக்கில்தான் நிலைநாட்டப்பட்டது. 2001-ல் 29 ஆயிரத்து 193 பேருக்கு ரூ.26.82 கோடி இழப்பீடு என்று கணக்கு போட்டார்கள். 2025 ஜனவரி 30-ந்தேதி மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, அரசே முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கவும், ஆற்றை மீட்க கமிட்டி போடவும் உத்தரவிட்டது.

இதை ஒரு அமைச்சர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. எல்லா கட்சி ஆட்சியிலும் நடந்தது. ஆலையை மூடு என்றால் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு போகும் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளம் நிற்கும். எந்த எம்.எல்.ஏ.வும் அதை தொட பயந்தார்கள். ஆனாலும் இத்தனை முறை நீர்ப்பாசனத்தை கையில் வைத்திருந்தவரின் சொந்த ஆறு இந்த நிலையில் இருப்பதை விவசாயிகள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

மகனுக்காக நின்ற தேர்தல்

2018 ஆகஸ்டில் கட்சி பொருளாளர் ஆனார். அடுத்த ஆண்டே சோதனை. மகன் கதிர் ஆனந்த் வேலூர் எம்.பி. தொகுதியில் நின்றார். வருமானவரி சோதனையில் கட்சி பிரமுகர் சம்பந்தப்பட்ட சிமெண்ட் குடோனில் கட்டுக்கட்டாக பணம் சிக்கியது. 2019 ஏப்ரல் 16-ந்தேதி தேர்தலே ரத்து. ஓட்டுக்கு பணம் விவகாரத்தில் ஒரு எம்.பி. தொகுதி தேர்தல் நாட்டிலேயே ரத்தானது அதுதான் முதல் முறை. சதி என்றார் துரைமுருகன்.

ஆகஸ்டு 5-ந்தேதி மறுபடி ஓட்டுப்பதிவு. ஏ.சி.சண்முகத்தை கதிர் ஆனந்த் 8 ஆயிரத்து 141 ஓட்டில்தான் ஜெயித்தார். கிராமப்புற தொகுதிகளான அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மூன்றிலும் பின்தங்கினார். முஸ்லிம் ஓட்டு அதிகம் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர் இரண்டும் வேலூரும் சேர்ந்து தூக்கி விட்டன. 2024-ல் அதே சண்முகத்தை 2 லட்சத்து 15 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

மூச்சு முட்டிய இரவு

அன்பழகன் மறைவுக்கு பிறகு 2020 செப்டம்பரில் தி.மு.க. பொதுச்செயலாளர் பதவி துரைமுருகனுக்கு வந்தது. அண்ணா உட்கார்ந்த நாற்காலி.

அடுத்த எட்டே மாதத்தில், 2021 மே 2-ந்தேதி ஓட்டு எண்ணிக்கை. மாநிலம் எல்லாம் தி.மு.க. முன்னிலை. காட்பாடியில் மட்டும் பொதுச்செயலாளர் சுற்றுக்கு சுற்று பின்னால் இருந்தார். அ.தி.மு.க. வேட்பாளர் ராமு விடவில்லை. கடைசியில் துரைமுருகன் 85 ஆயிரத்து 140, ராமு 84 ஆயிரத்து 394. வித்தியாசம் 746.

கட்சியில் எவ்வளவு உயரம் போனாலும் பொன்னை, திருவலம், சேர்க்காடு கிராமத்து வாக்காளர் தனி கணக்கு வைத்திருக்கிறார் என்று அன்று தெரிந்தது.

அவர் நீர்வளத்துறை அமைச்சரான அதே ஆண்டு நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஒரு லட்சம் கனஅடியை தாண்டியது. பாலத்தில் நின்று ஜனங்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். அந்த தண்ணீரில் பெரும்பகுதி நேராக கடலுக்கு போனது.