இன்று மனசுக்கு எத்தனை மார்க்?

காமர்ஸ் படித்தவர்கள் சமநோக்கு வளைகோட்டை மறந்திருக்க முடியாது. நானும் அதை மனப்பாடமாக வரைந்து மார்க் வாங்கியவன்தான். போன வாரம் அதன் பூர்வீகத்தைத் தேடியபோது ஒரு வேடிக்கை கிடைத்தது.

அந்தக் கோடு முதலில் வருவது, அயர்லாந்தில் பிறந்த எட்ஜ்வொர்த் 1881-ல் எழுதிய புத்தகத்தில். அதே புத்தகத்தில் அவர் ஒரு கருவியையும் கற்பனை செய்தார். தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டுவது போல, ஒரு மனிதனின் இன்பத்தை நொடிக்கு நொடி காட்டும் கருவி! பின்னால் வந்தவர்கள் கோட்டை வைத்துக்கொண்டு கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இன்பத்தை அளக்க வேண்டாம், எது அதிகம் பிடிக்கும் என்ற வரிசையே போதும் என்றார் பரேட்டோ. 1934-ல் ஹிக்ஸும் ஆலனும் அந்த வழியையே உறுதிப்படுத்தினார்கள். ஆக, ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுதான் அவருக்கு நல்லது என்று ஆகிவிட்டது. தேர்ந்தெடுத்த பிறகு சந்தோஷமாக இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் உளவியல்காரர்கள். கருவி கிடைக்கவில்லை; நோட்டும் பேனாவும் போதும் என்றார்கள். லண்டனில் ஃப்ளூகல் சிலரைத் தங்கள் உணர்ச்சிகளை அன்றாடம் குறிக்கச் சொல்லி, 1925-ல் முடிவுகளை வெளியிட்டார். பிறகு அமெரிக்காவில் வெஸ்மனும் ரிக்ஸும் ஹார்வர்ட், ராட்கிளிஃப் மாணவர்களை ஆறு வாரம் தினமும் இரவில் தங்கள் மனநிலையைக் குறிக்க வைத்தார்கள். அந்த ஆய்வு 1966-ல் புத்தகமானது.

இதில் ஒரு சிக்கல். இரவில் எழுதும்போது பகல் முழுவதும் நினைவில் இருக்குமா? ராத்திரி நடந்த ஒரு சண்டை போதும், நாள் முழுக்க நாசம் என்று எழுதிவிடுவோம். அதனால் 1970-களில் சிகாகோவில் சிக்சென்ட்மிஹாயி ஆட்களிடம் பேஜரைக் கொடுத்தார். அது எப்போது ஒலிக்கும் என்று தெரியாது. ஒலித்த உடனே, என்ன செய்கிறேன், எப்படி இருக்கிறேன் என்று எழுத வேண்டும்.

2004-ல் கானமனும் நண்பர்களும் இன்னொரு வழி சொன்னார்கள். நேற்றைய நாளை சினிமா போல காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மார்க் போடு! டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் போட்டார்கள். வேலைக்குப் போய்வரும் பயணம்தான் கடைசி. குழந்தையைக் கவனிப்பதுகூட டிவிக்குக் கீழேதான் வந்தது. ஆனால் பொதுவாகக் கேட்டுப் பாருங்கள், குழந்தைதான் என் சந்தோஷம் என்பார்கள். அது பொய்யா? இல்லை. வாழ்க்கையைப் பற்றி நினைப்பது வேறு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணியை வாழ்வது வேறு. டைரி இரண்டாவதை மட்டுமே அளக்கிறது.

நானும் பத்து நாள் எழுதிப் பார்த்தேன். பஸ்ஸுக்குப் பத்துக்கு இரண்டு. டீக்கடை அரட்டைக்கு எட்டு. படிப்பு முடிந்ததும் வேலை தேடும்போது சம்பளத்தைத்தான் முதலில் பார்ப்போம். வீட்டிலும் அதைத்தான் கேட்பார்கள். தினமும் மூன்று மணி நேர பஸ்ஸை அந்தச் சம்பளத்தில் எந்தக் கணக்கில் கழிப்பது? நம் பாலன்ஸ் ஷீட்டில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது நண்பர்களே.