அளவுகோல் பிறகுதான் வந்தது: டெஸ்டோஸ்டிரோன் வரலாற்றில் ஒரு மும்பைப் பக்கம்

1889ஆம் ஆண்டு பாரிசில் பிரௌன் செக்கார் என்னும் உடலியல் அறிஞர், தம் 72ஆம் வயதில், விலங்குகளின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். திரும்பியது இளமையல்ல, நம்பிக்கைதான். அந்த நீர்ச்சாற்றில் ஹார்மோன் பேருக்குக்கூட இருந்திருக்காது. நம்மூர் லேகிய விளம்பரங்களுக்கு அவரைப் பாட்டனார் எனலாம்!

உண்மையான டெஸ்டோஸ்டிரோனை 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் காளையின் விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் புடெனான்ட், ருசிக்கா இருவரும் அதனைச் செயற்கையாகவும் செய்து காட்டினர். மருந்து கைக்கு வந்தது. அளவுகோல் வரவில்லை. காயடித்த சேவலின் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தே அன்று வீரியத்தை அளந்தார்கள். மனித இரத்தத்திலோ இது ஒரு டெசிலிட்டருக்குச் சில நூறு நானோகிராம்தான். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. சேவல் கொண்டை என்ன செய்யும்?

விடை அணுவியலிலிருந்து வந்தது. 1950களின் இறுதியில் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனை இரத்தத்திலுள்ள ஹார்மோனோடு போட்டியிட வைத்து அளக்கும் முறையைக் கண்டனர். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972லேயே காலமாகிவிட்டார்.

இங்கேதான் நம் மும்பை வருகிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1956இல் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1963இல் பரேலில் கதிரியக்க மருத்துவ மையம் அமைந்தது. கோவை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணிபுரிந்த ஆ. வேலுமணி, 1996இல் பைகுலாவில் தைராய்டு சோதனைக்கென்று தைரோகேரைத் தொடங்கினார். ஹார்மோன் சோதனை சாமானியர் கைக்கு எட்டியதில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் சோதனை இருந்தென்ன, செய்துகொள்ள வேண்டுமே! தாராவியில் எனக்குத் தெரிந்த ஒருவர், "ஊசி போட்டதும் தெம்பா இருக்கு சார், அப்புறம் டெஸ்ட் எதுக்கு?" என்றார். தெம்பு இரத்தத்தின் தடிப்பைச் சொல்லாது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தவேண்டும் என்கிறது அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி. அக்குழுவின் தலைவர் ஷாலேந்தர் பாசின், இந்தியாவில் மருத்துவம் பயின்றவர்.

அதன்படி, தொடங்குமுன் ஒருமுறை, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஹீமட்டோக்ரிட் பார்க்கவேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அளவையும் அதே மூன்று முதல் ஆறு மாதத்தில் பார்க்கவேண்டும், நாளறிந்து. எனாந்தேட், சிப்பியோனேட் ஊசியென்றால் இரு ஊசிகளுக்கு நடுநாளில். மூன்று மாதம் நிற்கும் அண்டெகனோயேட் என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால். ஊசி போட்ட மறுநாளே இரத்தம் கொடுத்தால் அளவு உச்சத்தில் நின்று ஆளை ஏமாற்றும். ஐம்பதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பற்றியும் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. குழந்தை வேண்டும் என்றிருக்கும் இளைஞர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். இம்மருந்து விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும்.