வெளி

திருகோணமலை நகரைவிட்டு வடக்கே கடற்கரை வழியாகப் போனால், முதலில் உப்புவெளி, பிறகு நிலாவெளி, அதற்கும் அப்பால் குச்சவெளி. மூன்றுக்கும் ஈறு ஒன்றே. திருகோணமலையிலுள்ள அன்புவழிபுரத்துக்கு யாராவது விருந்தாளி வந்தால், நகரின் கோணேசர் கோயிலோடு திருப்பி அனுப்பிவிடாமல் இந்த ஊர்களையும் காட்டத்தான் வேண்டும்.

'வெளி' என்றால் மறைப்பில்லாத திறந்த நிலம். வெண்மை, ஒளி என்ற பொருள் தரும் 'வெள்' என்பதே அதன் வேர். வெளிச்சம், வெள்ளி, வெள்ளை எல்லாம் அதன் உறவுகள். கண்ணுக்குத் தடையின்றி ஒளி விழும் இடமே வெளி. வயல்வெளி, புல்வெளி, மணல்வெளி என்று இன்றும் சொல்கிறோம். 'வெளியே போ' என்னும்போது வீட்டுக்குப் புறம்பான இடம் என்று பொருள் சற்று நகர்ந்துவிடுகிறது.

நிலாவெளியில் இந்தச் சொல் முழு அழகோடு நிற்கிறது. அகன்ற வெண்மணல், ஆழமில்லாத கடல், எதிரே புறாமலைத் தீவு. முழுநிலவு நாளில் மணலும் நீரும் ஒருசேர வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவருக்கு அகராதி தேவைப்படாது. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'நிலவெளி' என்று குறுக்கிச் சொல்வது வருத்தம் தருகிறது. நெடிலைக் குறிலாக்கினால் நிலாவே போய்விடும்.

மற்ற இரு வெளிகளிலும் விருந்தாளிக்குக் காட்ட ஒவ்வொன்று உண்டு. உப்புவெளியில் இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் உண்டு. குச்சவெளியில் கடலோரப் பாறையில் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது.