விஸ்கிக்குச் சாக்லேட் தொட்டுக்கலாமா?

விஸ்கிக்குத் தொட்டுக்கச் சாக்லேட்னு சொன்னா நம்ம பசங்க சிரிப்பாங்க. ஊறுகாய், சுண்டல், மிக்சர், கையில காசிருந்தா சிக்கன் 65. அதான் நமக்குத் தெரிஞ்ச சைட் டிஷ். ஆனால் வெளிநாடுகளில் ஒரு மிடறு விஸ்கி, ஒரு துண்டு டார்க் சாக்லேட் என்று மாற்றி மாற்றிச் சுவைக்க டிக்கெட் போட்டே ஆளைக் கூப்பிடுகிறார்கள். நம்ம ஊரில் இந்த ஜோடி ஏன் சேரவேயில்லை? "நம்ம நாக்கு வேற" என்பது சோம்பேறிப் பதில். என்னைக் கேட்டால் சட்டமும் வரியும்தான் காரணம்.

முதலில், இரண்டும் தூரத்துச் சொந்தம். (காமர்ஸ்காரன் கெமிஸ்ட்ரி பேசுறான்னு முறைக்காதீங்க.) கொக்கோ விதைகளைச் சதையோடு குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும், பிறகு பாக்டீரியா அதை அசிட்டிக் அமிலமாக்கும். இது நடக்காவிட்டால் சாக்லேட் மணமே வராது. ஆக, கொக்கோ ஒரு ரவுண்டு சரக்கடித்துவிட்டுத்தான் சாக்லேட் ஆகிறது :-) விஸ்கியோ ஓக் பீப்பாயில் கிடந்து வெனிலா வாசனை வாங்குகிறது. சாக்லேட்டிலும் பெரும்பாலும் வெனிலா சேர்ப்பார்கள்.

கொக்கோ நமக்குப் புதுசும் இல்லை. 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நட்டுப் பார்த்தது. அது பெரிசா வளரவில்லை, விடுங்கள். நேராக 1948-க்கு வாங்க. ஜூலையில் கேட்பரி இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. அதே வருஷம் பெங்களூரில் அம்ருத் டிஸ்டில்லரி ஆரம்பம். அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு! கொண்டுவந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர். சாக்லேட் உள்ளே வந்த வருஷமே விஸ்கி வெளியே போனது, பெர்மிட் வைத்திருந்தவர்கள் தவிர. (பக்கத்துப் பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். அங்கே சட்டமே வேற.)

இனி வரிக்கு வருவோம். ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கை ஆரம்பித்தார். கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். அதாவது, விற்காத சரக்குக்கான வரியை, கடையில் விற்ற மற்ற சாமான்கள் கட்டின. அந்தச் சாமான்களில் சாக்லேட்டும் ஒன்று. ஒருவகையில் ஜோடி சேர்ந்தது கணக்குப் புத்தகத்தில் மட்டும்!

1956-ல் லிக்னைட் கார்ப்பரேஷன் வந்தபோது நெய்வேலியும் மதுவிலக்குக்கு நடுவில்தான் பிறந்தது. 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக். 2003-ல் சில்லறை விற்பனையும் அரசு கைக்கே போனது. இப்படித் திறந்து மூடின கதவுக்குப் பின்னால், குடி என்பது யார் கண்ணிலும் படாமல் மடக்கென்று ஊற்றிக்கொள்வதாகவே பழகிவிட்டது. சரக்கும் அப்படித்தான். நம்ம சாதாரண விஸ்கியில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்கவே முடியாது. அதன் காரத்தை மறைக்க ஊறுகாய் போதும், சாக்லேட் வீண்.

சுவைத்துக் குடிக்கிற மாதிரி நம்ம பக்கத்திலேயும் தயாரிக்க முடியும் என்று காட்டியது அதே அம்ருத்தான். பார்லியில் செய்த சிங்கிள் மால்ட்டை 2004-ல் கிளாஸ்கோவில் போய் அறிமுகப்படுத்தினார்கள். ஸ்காட்லாந்துக்காரனிடமே! அங்கே பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், பெங்களூரில் 10-க்கு மேல். அதனால் சீக்கிரமே முதிர்ந்துவிடுகிறது.

இங்கே? 2022-ல் கோயம்புத்தூரில் மது கலந்த சாக்லேட் விற்றதாக ஒரு கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அதே மாவட்டத்தில், பொள்ளாச்சி தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராகக் காய்த்துத் தொங்குகிறது.

டிஸ்கி: தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவங்களுக்குச் சரக்கு விற்கக் கூடாது. ஜூனியர்ஸ், உங்களுக்குச் சாக்லேட் மட்டும்.